பால் குடித்த தூண்

எங்கள் பாலப் பிரிவுக்குப் புதிதாக ஒரு கருவி வந்திருக்கிறதாம். மெல்லிய ஊசி ஒன்றை மரத்துக்குள் செலுத்தினால் போதும், உள்ளே எங்கே கெட்டி, எங்கே உளுப்பு என்று திரையில் கோடு போட்டுக் காட்டிவிடுமாம். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளிடம் இதை ஏன் சொல்கிறார்கள் என்று நான் யோசிப்பதற்குள், அலுவலகத்து இளையவன் பிரகாஷ் தொலைபேசியில் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"அக்கா, இந்த மெஷினுக்கு டிரைனிங் வைக்கிறோம். நீங்க வந்து உங்க கதைய ஒரு தடவ சொல்லிட்டுப் போனா நல்லா இருக்கும்லா."

"எந்தக் கதைடா?"

"சாமிய சுத்தியலால அடிச்சீங்களே, அதான்."

அலுவலகத்தில் அந்தக் கதைக்கு இப்போது பல வடிவங்கள் உண்டு. ஒன்றில் நான் சாமியின் தலையை உடைத்துவிடுகிறேன். இன்னொன்றில் சாமி என்னைத் திருப்பி அடிக்கிறது. உண்மை இந்த இரண்டையும்விடக் கேவலமானது என்பதால், பேச வர மாட்டேன், எழுதித் தருகிறேன் என்றேன். மைக்கைப் பிடித்தால் என் கை நடுங்கும். எழுதும்போது நடுங்கினால் கையெழுத்து மோசம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நான் ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் பிறந்து வளர்ந்தவள். ஈப்போவில் கட்டுமானத் தொழில்நுட்பம் படித்து, மர வேலையும் பழைய பாலங்களும் பார்க்கும் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்தேன். அந்தப் பிரிவில் ஒரே பெண். முதல் ஆண்டு முழுவதும் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தேன். இரண்டாம் ஆண்டு நாடாவின் இந்த முனையைப் பிடித்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் எதுவுமில்லை.

மகள் யாழினி பிறந்த பிறகுதான் எனக்கு வேலையில் ஒரு பெயர் வந்தது. பயந்தாங்கொள்ளி என்ற பெயர். எந்தப் பாலத்துக்குப் போனாலும் கைப்பிடிக் கம்பிகளின் இடைவெளியில் என் மகளின் தலை நுழையுமா என்றுதான் முதலில் பார்ப்பேன். அவள் தலையளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பந்து வாங்கிப் பையில் வைத்திருந்தேன். பந்து நுழைந்தால் குத்தகைக்காரர் கம்பியை மாற்ற வேண்டும். அந்தப் பந்துக்கு எங்கள் பிரிவில் யாழினி என்றே பெயர். "யாழினி உள்ள போயிட்டாளாக்கா?" என்று ஆட்கள் பாலத்தின் மறுமுனையிலிருந்து சாதாரணமாகக் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஆற்றை எட்டிப் பார்ப்பேன்.

என் மேலதிகாரி எஞ்சினியர் சொக்கலிங்கம். ஈப்போவின் பழைய செட்டியார் குடும்பம். அவருடைய உறவினர்கள் எல்லாரும் வியாபாரத்திலும் வழக்கறிஞர் தொழிலிலும் இருக்க, இவர் மட்டும் வெள்ளை முழுக்கைச் சட்டையோடு பாலங்களுக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தார். பாலத்தின்மேல் சப்பாத்தோடு ஏற மாட்டார். கரையிலேயே கழற்றி, காலுறைகளை மடித்து அதற்குள் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பார். லாரி போகும்போது பலகை எப்படி அதிர்கிறது என்று பாதத்துக்குத் தெரியும் என்பார். ஒரு முறை லூமுட் போகும் வழியில் ஒரு சப்பாத்தை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது. அன்று பிற்பகல் கூட்டத்துக்கு என் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து, எதுவுமே நடக்காததுபோல் உட்கார்ந்திருந்தார்.

அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. தப்பு என்ற சொல்லும் அவர் வாயில் வராது. மரத்தைத் தட்டிப் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான்: சிறிய சுத்தியலைத் தளர்வாகப் பிடித்து, தூணின் அடியிலிருந்து தொடங்கி, ஒரு சாண் விட்டு ஒரு சாண், மேல்நோக்கி அடித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். கெட்டி மரம் "டங்" என்று கையைத் திருப்பித் தள்ளும். ஈரம் குடித்த மரம் சோம்பலாகப் பேசும். உள்ளே உளுத்தது "பொத்" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். சந்தேகமான இடத்தில் குத்தூசியை அழுத்திப் பார்க்க வேண்டும். முடிந்ததும் சாக்கட்டியால் கோடு: நல்லதற்கு ஒற்றைக் கோடு, கெட்டதற்குக் குறுக்குக் கோடு. நான் அவசரமாகத் தட்டிவிட்டு நகர்ந்தால் சார் பக்கத்தில் வந்து நிற்பார்.

"இன்னொரு வாட்டி கேப்போமா, மகேஸ்?"

அவ்வளவுதான். வேறு யாராவது திட்டினால்கூட அப்படிக் கூசாது.

இனி அந்தப் பாலம். பீடோருக்கு உள்ளே, பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில், ஆற்றின் குறுக்கே கூரை போட்ட மரப்பாலம். மறுகரையில் எடுத்த ரப்பர்ப் பாலில் மழைத் தண்ணீர் கலந்துவிடாமல் தொழிற்சாலைப் பக்கம் கொண்டுவருவதற்காக வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. மேலே தகரக் கூரை, நடுவில் வாளிகளோடு ஒதுங்கி நிற்க இடம். இரண்டு பக்கமும் நடுவில் ஒவ்வொரு தூண். தூணின் உச்சியில் இரண்டு சாய்வு விட்டங்கள் வந்து சேரும். தூணின் அடியில், தளத்தைத் தாங்கும் நடு உத்தரம் இரும்பு ஆணியில் தொங்கும். ஆகவே தூணின் அடி போனால், தளத்தின் நடுப்பகுதி அதோடு சேர்ந்து ஆற்றுக்குப் போகும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு தூண்களில் ஒன்று முனியாண்டி. தோட்டத்து ஆட்கள் வேலைக்குப் போகும்போது அதற்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் கடப்பார்கள். தோட்டம் மூடி ஆட்கள் கலைந்த பிறகு ஒரு வெள்ளத்தில் பாலத்தின் அந்தப் பக்கம் சரிந்துவிட்டது. கரையில் ஒதுங்கிக் கிடந்த முனியாண்டியைக் காளியம்மா என்ற பழைய பால்மரத் தொழிலாளி லாரி பிடித்து ஏற்றிக்கொண்டு போய், பீடோர் தாமான் குடியிருப்பில் தன் வீட்டுப் பின்புறத்தில் சிமெண்டு மேடை போட்டு நட்டுவிட்டார். அங்கே சாமிக்குப் பல வருஷம் பாலாபிஷேகம், மஞ்சள், எண்ணெய், சந்தனம்.

பாலத்தைப் பழைய மாதிரியே புதுப்பிக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவானதும், பழைய மரம் எங்கெல்லாம் கிடைக்கிறதோ அதையே பயன்படுத்தச் சொன்னார்கள். செய்தி பரவியது. தோட்டத்து ஆட்கள் கார்களிலும் வேன்களிலும் பலகைகளைக் கொண்டுவந்தார்கள். ஒன்று நாய் வீட்டின் கதவாக இருந்திருக்கிறது. ஒன்று புந்தோங்கில் துணி துவைக்கும் பலகையாக இருந்திருக்கிறது. கடைசியாகக் காளியம்மா அக்கா முனியாண்டியைப் பட்டுத்துணி சுற்றி, மாலை போட்டு, லாரியில் கொண்டுவந்து இறக்கினார்.

"அவரு வீட்டுக்கு அவரே திரும்பட்டும்" என்றார். "ஆனா ஒண்ணு. இவரத் தரையில போடக் கூடாது, தாண்டக் கூடாது, கண்ட எடத்துல ஓட்டை போடக் கூடாது."

மர வேலையை எடுத்திருந்தவர் ஆ லோய். தோட்டத்திலேயே வளர்ந்த சீனர், என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். அவர் முதலில் மூன்று ஊதுபத்தி கொளுத்திவிட்டுத்தான் தூணைத் தொட்டார். புது ஓட்டை போடாமல், பழைய ஓட்டையிலேயே ஆணியைச் செருகினார். தூண் எழுந்து நின்றது. அதைத் தட்டிப் பார்க்கும் வேலை என்னுடையது.

சுத்தியலோடு போனேன். எதிரே முனியாண்டி. குங்குமமும் சந்தனமும் எண்ணெயும் அடை அடையாகப் படிந்து, பார்ப்பதற்கு இரும்புபோல் இருந்தார். சுத்தியலை ஓங்கினேன். கை வரவில்லை. சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டேன். கும்பிட்டது கும்பிட்டோம், சும்மா எதற்கு என்று ஒரு வேண்டுதலும் வைத்தேன். யாழினி அப்போது பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தாள். "அவளுக்கு எடம் கிடைச்சா, பாலம் தொறக்குற அன்னிக்கு அவ கையாலேயே பால்குடம் எடுத்து உனக்கு ஊத்தச் சொல்றேன்" என்றேன். தட்டுவதற்கு ஆகியிருக்க வேண்டிய நேரமெல்லாம் அதில் போயிற்று. பிறகு மரியாதைக்காக விரல் நுனியால் இரண்டு தட்டு தட்டினேன். சாமியின்மேல் சாக்கட்டிக் கோடு போடவும் மனம் வரவில்லை.

"முனி?" என்று சார் கரையிலிருந்து கேட்டார்.

"ஆச்சு சார்."

யாழினிக்கு இடம் கிடைத்துவிட்டது. முனியாண்டி தன் பங்கைச் சரியாகச் செய்தார் என்பதைப் பதிவு செய்கிறேன்.

"நீங்க வேண்டுனா நீங்கதானம்மா தூக்கணும்" என்றாள் யாழினி.

"எனக்கு ரத்தக் கொதிப்பு."

"எனக்கு வெக்கம். அது சீக்கு இல்லையா?"

ஆனாலும் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

திறப்பு விழா அன்று பாலத்தைக் கடக்கும் திட்டமே கிடையாது. பாரம் ஏற்றிப் பார்க்கும் சோதனை இன்னும் நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி கொண்டுவர வேண்டிய லாரி மழையால் உள்ளே வர முடியவில்லை. கரையில் ரிப்பன் வெட்டுவது, படம் எடுப்பது, மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுக் கலைவது என்று சார் ஏற்பாடு செய்திருந்தார். படத்தில் அசிங்கமாகத் தெரிகிறது என்று யாரோ சொல்ல, அடியில் கொடுத்திருந்த முட்டுக்கம்பிகளையும் முந்தின நாளே எடுத்துவிட்டார்கள். ஆனால் ஈப்போவிலிருந்தும் லூமுட்டிலிருந்தும் பஸ் பிடித்து வந்த தோட்டத்து ஆட்கள் ரிப்பன் பார்க்க வரவில்லை. முனியாண்டியிடம் வந்தார்கள். உறுமி மேளம் தொடங்கியதும், ரிப்பன் வெட்ட வந்த பிரமுகர் கத்தரிக்கோலோடு நிற்க, பால்குட வரிசை அவரைச் சுற்றிக்கொண்டு பாலத்தில் ஏறிவிட்டது. முதலில் காளியம்மா அக்கா. பின்னால் நாலைந்து பெண்கள். அவர்களுக்குப் பின்னால் என் மகள்.

என் மகள் எந்தப் பாலத்தில் நடந்தாலும் நான் அந்தப் பாலத்துக்கு அடியில் நிற்பேன். விழுந்தால் பிடிப்பதற்கா என்று கேட்காதீர்கள். மேலே நின்று பார்க்கத் தைரியம் கிடையாது. அன்றும் சரிவில் இறங்கி, ஆற்றோரம் நின்று, நடு உத்தரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

காளியம்மா அக்கா பால் ஊற்றினார். பலகை இடுக்கில் வழிந்து தூணின் வெளிப்பக்கமாக இறங்கும் என்று எதிர்பார்த்தேன். இறங்கவில்லை. மேலே பெண்கள் குலவையிட்டார்கள்.

"சாமி குடிக்கிறாரு! பாருங்க, ஒரு சொட்டு கீழ விழல, எல்லாத்தையும் குடிக்கிறாரு!"

மேளம் வெறிபிடித்தது. அதிசயத்தைப் பார்க்கக் கரையில் இருந்தவர்களும் பாலத்தின் வாயை நோக்கி நெருக்கினார்கள். அப்போதுதான் நான் பார்த்தேன். தூணின் அடிக்கட்டை பாலத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் சரியான நடுவிலிருந்து, மரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து, வெள்ளையாக ஒரு நூல் இறங்கி ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது.

கெட்டி மரம் பால் குடிக்காது. மேலே அத்தனை பேருக்கும் அற்புதமாகத் தெரிந்தது எனக்கு மட்டும் உளுப்பாகத் தெரிந்தது. முழங்கால் உயரத்தில் இருந்த வெடிப்பைப் பல வருஷத்துக் குங்குமம் அடைத்துக்கொண்டிருக்க, பால் அதைக் கரைத்து உள்ளே போயிருந்தது. உள்ளே தடுக்க எதுவும் இல்லை.

சரிவில் ஏறினேன் என்று எழுதினால் பொய். சேற்றில் தவழ்ந்தேன். ஒரு செருப்பு அங்கேயே நின்றுவிட்டது. பாலத்தின் வாயில் சார் வெறுங்காலோடு நின்றுகொண்டிருந்தார்.

"சார், முனி உள்ள காலி."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "இன்னொரு வாட்டி கேப்போமா?"

"மொத வாட்டியே கேக்கல சார்."

சார் வெள்ளைச் சட்டையோடு பாலத்தின் வாயில் குறுக்காக உட்கார்ந்து காலை நீட்டிவிட்டார். அவரைத் தாண்டினால்தான் உள்ளே போக முடியும். சம்மணம் போட்டிருந்தால் தாண்டியிருப்பார்கள். காலை நீட்டிய செட்டியாரைத் தாண்ட யாருக்கும் மனம் வரவில்லை.

மேற்கொண்டு ஒருவரும் ஏறக் கூடாது என்று சொல்லிக்கொண்டே ஏறிய ஒரே ஆள் நான். என் எடையும் கொஞ்சநஞ்சமில்லை. நேராகப் போய் யாழினியின் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். கரைக்குப் போ."

"பால்?"

"போடின்றேன்."

அவள் அசையவில்லை. வேண்டுதலை நிறைவேற்றாமல் திரும்பக் கூடாது என்று காலையில் அவளுக்குச் சொல்லி அனுப்பியவள் நான்தான். காளியம்மா அக்கா திரும்பினார்.

"என்னம்மா, சாமி குடிக்கிற நேரத்துல சலசலப்பு?"

"குடிக்கலக்கா. ஒழுகுது. அடி உளுத்துப் போச்சு. எல்லாரும் எறங்கணும்."

"நீதான பாத்துட்டு நல்லாருக்குன்னு சொன்ன?"

மேளம் நின்றிருந்தது. அதைக் கவனித்திருந்தால் நான் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருப்பேன்.

"அடிச்சுப் பாக்கலக்கா. கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

பாலத்திலிருந்தவர்களும் கரையிலிருந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள். பிரமுகரும் பார்த்தார். காளியம்மா அக்கா காலிக் குடத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"அப்ப இப்ப அடி."

பையிலிருந்து சுத்தியலை எடுத்தேன். ஆள் நிற்கும் பாலத்தில் அப்படிச் செய்யக் கூடாது என்று பயிற்சியில் தவறாமல் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்காமல் ஒருவரும் இறங்கியிருக்க மாட்டார்கள். குனிந்து, முனியாண்டியின் காலில், ஒரே ஓர் அடி.

"பொத்."

பழுத்த பப்பாளியைத் தட்டியது போல. குத்தூசியை வைத்தேன், அழுத்தவில்லை. அது தானாகவே கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

காளியம்மா அக்கா ஊசியைப் பார்த்தார். பிறகு சாமியின் முகம் இருப்பதாக அவர் நினைக்கும் உயரத்தைப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உள்ள ஒண்ணுமே இல்லாம நின்னுக்கிட்டு நம்மளப் புடிச்சிக்கிட்டு இருக்காரு" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு பெண்களைப் பார்த்து, "ஒவ்வொருத்தரா போங்க. ஓடக் கூடாது. பேசக் கூடாது."

போனார்கள். யாழினி குடத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் நடந்தாள். பலகை ஒவ்வொன்றும் அவள் பாதத்துக்குக் கீழே சொன்னதை நான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன். சார் கால்களை மடக்கி வழிவிட்டார். கடைசியாக நானும் காளியம்மா அக்காவும் கரை சேர்ந்தோம். அப்போதுதான் பிரமுகர் கத்தரிக்கோலைக் காட்டி, வெட்டலாமா என்று கேட்டார்.

"இன்னொரு நாள் வெட்டுவோம்" என்றார் சார், சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே.

மறுபடி முட்டுக்கொடுத்து ஆ லோய் தூணைக் கழற்றியபோது அடிப்பகுதி அவர் கையோடு வந்துவிட்டது. தவிடு மாதிரி இருந்தது. நடு உத்தரம் ஒரு பக்கத்து மரத்தோலில் மட்டும்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆ லோய் அதை நிலத்தில் போடாமல், ஒரு துணியில் கொட்டினார்.

"அக்கா, நான் அடிக்கலலா. நம்ம தாத்தோக் சாமி மாதிரி இவரு. நீங்க அடிச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"நான் கும்பிட்டேன், ஆ லோய்."

சார் தொண்டையைக் கனைத்தார். "நானும் ஒரு நாள் சாயங்காலம் கேக்கலாம்னுதான் போனேன். கையை வச்சுப் பாத்தேன். அப்புறம் கண்ணுல ஒத்திக்கிட்டு வந்துட்டேன்."

மூன்று பேருடைய அனுபவத்தையும் கூட்டினால் ஒரு முதியவரின் ஆயுள் வரும். அந்தப் பாலத்தில் ஒற்றை ஆணியைக்கூட விடாமல் தட்டிப் பார்த்த மூன்று பேரும், எது விழுந்தால் எல்லாம் விழுமோ அதை மட்டும் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறோம். வருஷக்கணக்கான பாலாபிஷேகம்தான் அவர் காலை உளுக்க வைத்தது என்று ஆ லோய் சொன்னார். அதைக் காளியம்மா அக்காவிடம் யார் சொல்வது என்று மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

அடுத்த வருஷம் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டேன். சாமி குற்றம் என்று அலுவலகத்தில் பேசினார்கள். உண்மையில், சுத்தியலைப் பிடித்தால் கை நடுங்கியது. தளர்வாகப் பிடிக்க முடியாத கையால் மரத்தைக் கேட்க முடியாது. ஆனால் தட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. யாழினியின் விடுதிக்கு முதல் முறை போனபோது, நான்காம் மாடி வராந்தாக் கைப்பிடியை அடிமுதல் நுனிவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். விடுதிப் பொறுப்பாளர் என்னைத் தண்ணீர்க் குழாய் பழுதுபார்க்க வந்தவள் என்று நினைத்து, கழிவறையைக் காட்டினார். நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். யாழினி அன்று மாலைவரை என்னிடம் பேசவில்லை. அவள் தொலைபேசியை எடுக்காத நாள்களில் எனக்கு அந்த "பொத்" கேட்கும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே, முனியாண்டியின் உளுத்த காலை அறுத்துவிட்டு, கெட்டியான மேல்பாதியைக் கரையில், பாலத்தின் கூரையைச் சற்று நீட்டி, அதற்கடியில் கல் பீடத்தில் வைத்தோம். பாலத்தில் புதுத்தூண் நிற்கிறது. தண்ணீர்த் தொட்டிகள் வந்தன, பாரம் ஏற்றினோம், தளம் ஊசி அளவுக்குக்கூட இறங்கவில்லை. விடுமுறையில் யாழினி வந்தபோது, மேளம், ரிப்பன் எதுவும் இல்லாத ஒரு சாதாரணக் காலையில், அதே மஞ்சள் சேலையோடும் பால்குடத்தோடும் பீடோருக்குப் போனோம். காளியம்மா அக்கா முன்பே வந்திருந்தார். புதுத்தூணுக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

"இவனும் முனிதான்" என்றார். "என்ன, வயசு கம்மி."

யாழினி தோட்டத்து வழியாகச் சுற்றிப் போய் மறுகரையில் குடத்தோடு நின்றாள். இந்தக் கரையில் இருக்கும் சாமிக்கு ஊற்ற அவள் பாலத்தைக் கடந்து வர வேண்டும். நான் கீழே இறங்கவில்லை. சுத்தியலை எடுத்துக்கொண்டு நடுத்தூணுக்குப் போனேன். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. குனிந்தேன், நிமிர்ந்தேன், திரும்பி வந்து மகளுக்குக் கை காட்டினேன். அவள் நடக்க ஆரம்பித்தாள்.

காளியம்மா அக்கா என் காதருகே வந்தார்.

"இந்தத் தடவ கும்பிட்டியா?"

"இல்லக்கா. அடிச்சேன்."